கறி வாளி

“உபதேசியாரே, போதும்ங்கிற மனசு எனக்கு எப்ப வரும்?”

கேட்டவர் தேவபிச்சை அண்ணாச்சி. வயது ஐம்பத்திரண்டு. ஊரில் பாதி வீடு அவர் கடை சிமெண்டில் எழும்பியது.

பதில் சொல்ல வேண்டியவர் கிதியோன் உபதேசியார். சபையை நடத்த வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. ஆனால் அண்ணாச்சிக்குப் போக வேறு இடமும் இல்லை.

“என்ன செய்யுது அண்ணாச்சி?”

“பயமா இருக்குய்யா. கடை நெறையச் சரக்கு இருந்தாலும் தீந்துருமோன்னு பயம். வீட்டுல மூட்டை மூட்டையா அரிசி கெடக்கு. இன்னும் ரெண்டு வாங்கிப் போடுன்னு மனசு அரிக்கு. அன்னன்னைக்குள்ள ஆகாரம் தாரும்னு தெனமும் ஜெபிக்கேன். வாய் ஒரு நாளைக்குக் கேக்கு, மனசு நூறு வருசத்துக்குக் கேக்கு.”

“தூக்கம்?”

“மாத்திரை போட்டாலும் வரல. நெஞ்சு படபடன்னு அடிக்கு. இப்படியே போய்ச் சேந்துருவேனோன்னு இருக்கு.”

உபதேசியார் வசனம் ஒன்றும் எடுத்துக் காட்டவில்லை.

“ஞாயித்துக்கிழம அசனம். நீங்க கறி வாளி தூக்குங்க.”

“கறி வாளியா?”

“ஆமா. பரிமாறுதவங்க எல்லாரும் கடைசியிலதான் சாப்பிடணும். அது ஒண்ணுதான் சட்டம்.”

இதென்ன கூத்து! நோய்க்கு மருந்து கேட்டால் கையில் வாளியைக் கொடுக்கிறாரே! முணுமுணுத்துக்கொண்டேதான் அண்ணாச்சி வீட்டுக்குப் போனார்.

அசனம் என்றால் ஊர்கூடி ஆலயத்தில் சமைத்து, இருப்பவன் இல்லாதவன் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, ரசம். வருசம் முழுக்க ஆலயத்துப் பக்கம் எட்டிப் பார்க்காதவனும் அன்றைக்கு முதல் ஆளாக வந்து நிற்பான்.

முதல் பந்தி உட்கார்ந்தது. அண்ணாச்சி அண்டாவை எட்டிப் பார்த்தார். நிறைய இருந்தது.

இரண்டாம் பந்தி. மறுபடியும் பார்த்தார். பாதிக்கு இறங்கியிருந்தது.

இலைக்கு மூன்று துண்டு வைத்தவர் இரண்டாக்கினார். அப்புறம் ஒன்று.

“என்ன அண்ணாச்சி, கறிய மோந்து பாத்துட்டு எந்திரிக்கவா?” என்றாள் ஒருத்தி.

பந்தியே சிரித்தது. அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாரும் தின்றுவிட்டுப் போவார்கள், நமக்கு வெறும் ரசம்தான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

மூன்றாம் பந்தி நடுவில், ஒரு தூக்குச்சட்டி நிறையக் கறியை அள்ளினார். ஆலயத்துக்குள் போய்ப் பாட்டுப் புத்தக அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினார். கடவுள் வீட்டில், இந்த வயதில், திருட்டு! வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சட்டியைத் திரும்ப எடுக்கவில்லை.

பந்தி முடிந்தது. பரிமாறின ஏழு பேரும் சாப்பிட உட்காரப் போன நேரம், வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. கல்குவாரி ஆட்கள். இருபது பேர் இருக்கும். தலையெல்லாம் வெள்ளைப் புழுதி.

“உபதேசியார் வரச் சொன்னாவ. வேலை முடிய நேரமாயிட்டு. காலையிலருந்து ஒண்ணும் திங்கல,” என்றார் முன்னால் நின்றவர்.

உபதேசியார் அவர்களை உட்கார வைத்தார். இலை போட்டார்கள். சோறு வைத்தார்கள்.

அண்ணாச்சி அண்டாவுக்குள் கரண்டியை விட்டார். டங் என்று அடி தட்டியது.

இருபது பேரும் வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அண்ணாச்சி அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அலமாரியைத் திறந்தால் மானம் போகும். திறக்காவிட்டால் இந்தப் பசிக்கு என்ன பதில்?

“கண்ணை மூடுங்க, ஜெபிப்போம்,” என்றார் உபதேசியார்.

எல்லாரும் மூடினார்கள்.

“ஆண்டவரே, கறி எங்க இருக்குன்னு உமக்குத் தெரியும். ஆமென்.”

அவ்வளவுதான் ஜெபம்.

அண்ணாச்சிக்கு உயிரே போய்விட்டது. பார்த்துவிட்டாரோ? இனி மானமாவது ஒண்ணாவது என்று அலமாரிக்கு ஓடினார்.

ஓடும்போதுதான் கவனித்தார். ஓடுவது அவர் மட்டும் இல்லை.

கூடப் பரிமாறின செல்லையா மணிக்கூண்டுக்கு ஓடினார். பாடகர் குழு கிரேனா அக்கா ஆர்மோனியப் பெட்டியைத் திறந்தாள். ஒருவர் வேப்பமரத்தில் ஏறினார். சபைப் பொருளாளர், ஐயோ, பொருளாளரே, பிரசங்க பீடத்துக்குப் பின்னாலிருந்து நாலு அடுக்குக் கேரியரோடு வந்தார்.

ஏழு பேர். ஏழு பாத்திரம். முதலில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பார்த்ததும் சிரிப்பு பீறிட்டது. அண்ணாச்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

உபதேசியார் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

வாளி நிறைந்தது. அண்ணாச்சி குனிந்து குனிந்து ஊற்றினார். நல்ல துண்டாகத் தேடித் தேடி வைத்தார்.

“போதும் அண்ணாச்சி, எல தாங்காது.”

“அட, சும்மா இருய்யா. கல்லு ஒடைக்கிற ஒடம்பு. இன்னும் ஒரு கரண்டி.”

வாளி காலியானது. உபதேசியார் ஓர் இலையை விரித்துச் சோறு வைத்து, மேலே ரசம் ஊற்றினார்.

“அண்ணாச்சி, வாங்க. மணி நாலாச்சு. நீங்க இன்னும் சாப்பிடலையே.”

அண்ணாச்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இருங்க உபதேசியாரே, இந்த மூலையில ஒருத்தருக்குச் சோறு பத்தல.”