பரண் ஏன் காலியாகத் தெரிந்தது?

வெட்டுவது யாருக்கும் கைவரும். வெட்டிய இடத்தில் என்ன தெரிய வேண்டும் என்பதில்தான் மூன்று பேர் முட்டிக்கொண்டார்கள். மதுரையில், கட்டடப் படம் போடும் மென்பொருள் செய்கிற ஒரு சின்ன அலுவலகத்தில் நடந்தது இது.

அங்கே எதையும் சோதித்துப் பார்த்து 'சரி' சொல்ல வேண்டியவள் கோமளா. கேஸை மூடினோமா என்று பாதி வழியில் வீட்டுக்குத் திரும்புகிற ரகம். அன்றும் அப்படித் திரும்பி ஓடி, வியர்த்துப்போய், வேறு உடை மாற்றிக்கொண்டு அவசர அவசரமாக வந்து உட்கார்ந்தாள்.

கூட வேலை பார்க்கிற ரெஜினா காதருகே குனிந்தாள். "அக்கா, சுடிதாரைத் திருப்பிப் போட்டிருக்கீங்க. தையலெல்லாம் வெளியே நிக்குது."

"ஐயையோ! பஸ்ஸே பார்த்திருக்குமே!"

"நீங்க கேஸை நினைச்சுக்கிட்டு வந்திருப்பீங்க."

அதைச் சரிசெய்துகொண்டு வருவதற்குள் வாடிக்கையாளர் சந்தானம் தன் வீட்டு மாடலைத் திரையில் திறந்துவிட்டார். அவர் வீடு வடிவமைப்பவர். வெள்ளை வெளேரென்ற வீட்டில் பரண் மட்டும் நீலமாக இருந்தது. ஏதோ பெயிண்ட் ஆசை போலிருக்கிறது என்று கோமளா கேட்காமல் விட்டாள்.

கணினியில் கட்டுகிற வீட்டுக்குத் தோல் உண்டு, சதை கிடையாது. சுவர் என்பது காலி அட்டைப்பெட்டி மாதிரி. தோலின் வெளிப்பக்கம் வெள்ளை, உள்பக்கம் நீலம். குறுக்கே வெட்டிப் பார்த்தால் எல்லாமே வெறும் கூடாகத் தெரியும். எது சுவர், எது காலி இடம் என்று வெட்டிய மாத்திரத்தில் தெரிய வேண்டும் என்று சந்தானம் கேட்டிருந்தார். அங்கே மென்பொருள் எழுதுகிற இளம்பரிதி, ரெஜினா, தில்லைநாயகம் மூன்று பேரும் அதற்கு ஆளுக்கொரு கருவி செய்துவைத்திருந்தார்கள். புதிய பதிப்பில் ஒன்றுக்குத்தான் இடம்.

அந்த வீட்டில் சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே ஒரே அகலத்தில் இரண்டு பட்டைகள் இருந்தன. ஒன்று மாடியைத் தாங்கும் சுவர். மற்றது கழிவுநீர்க் குழாய் இறங்குவதற்காகக் காலியாக விட்ட டக்ட். எது எதுவென்று சந்தானத்துக்குத் தெரியும். கொத்தனாருக்கோ படம்தான் தெரியும். சாயங்காலம் போகிற படத்தைப் பார்த்து அவர் குழாய்க்காக உடைக்கப்போகிறார். மாற்றி உடைத்தால் மாடி என்னாகும்?

முதலில் இளம்பரிதியின் கருவி. கோடு சுற்றிலும் மூடியிருந்தால் போதும், உள்ளே கறுப்பாக நிரப்பிவிடும். பரண் கறுப்பு, பட்டை இரண்டும் கறுப்பு. வில்லை போட்ட அல்வா மாதிரி அழகாக இருந்தது.

"இதான்யா படம்!" என்றார் சந்தானம்.

"டக்ட் எங்கே தம்பி?" என்றாள் கோமளா.

"அதைக் கையால அழிச்சுக்கலாம்க்கா."

ரெஜினாவின் கருவி எதையும் நிரப்பவில்லை. எல்லா இடத்தையும் சிவப்புக் கரை கட்டிக் காட்டி, 'சுவரா, காலியா?' என்று ஒவ்வொன்றாகக் கேட்டது.

"வீடு பூரா இப்படிக் கேட்டா நான் எப்பம்மா சோறு திங்கிறது?"

"தெரியாததை நான் ஊகிக்க மாட்டேன் சார்."

கடைசியாகத் தில்லைநாயகத்தின் கருவி. வெட்டிய வாய்க்குள் எட்டிப் பார்த்து, உள்ளே தெரிகிற தோல் நீலமாக இருந்தால் நிரப்பும். வெள்ளையாக இருந்தால் காலியாக விடும். சுவர் கறுப்பாயிற்று. டக்டுக்குள் தெரிந்தது சுற்றுச் சுவர்களின் வெள்ளை வெளித்தோல்; அது காலியாக நின்றது. கோமளா மூச்சு விடுவதற்குள் சந்தானம் கத்தினார்.

"கான்கிரீட் பரண் தம்பி அது! காலியா காட்டுது பாரு. அண்டாவெல்லாம் ஆகாசத்துலயா நிக்கும்?"

இளம்பரிதி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். "கருவி சரிதான் சார்," என்று முணுமுணுத்த தில்லைநாயகம், அதே இடத்தை மறுபடி வெட்டினான். பரண் அப்போதும் காலிதான்.

சந்தானம் கடிகாரத்தைப் பார்த்தார். கோமளா தன் சுடிதார் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

படிக்கிறவர்களே, அந்தப் பரண் ஏன் காலியாகத் தெரிந்தது? மூவரில் யாருடைய கருவிக்குக் கோமளா 'சரி' சொல்ல வேண்டும்?

விடை: தில்லைநாயகத்தின் கருவிக்கு. தவறு வெட்டில் இல்லை, வரைந்ததில் இருந்தது. சந்தானம் பரணை வரைந்தபோது, காலையில் கோமளா சுடிதாரைப் போட்டுக்கொண்ட மாதிரி, உள்வெளியாகத் திருப்பி வரைந்துவிட்டார். அதனால்தான் வெளியே நீலம், உள்ளே வெள்ளை. இளம்பரிதியின் கருவி அந்தத் தவறையும் டக்டையும் சேர்த்துக் கறுப்பில் மூடிவிட்டது. ரெஜினாவின் கருவி பொய் சொல்லவில்லை. ஆனால் தான் பார்க்க வேண்டியதை நம்மைப் பார்க்கச் சொன்னது. கோமளா பரணின் தோலைத் திருப்பிவிட்டு மறுபடி வெட்டினாள். பரண் கறுப்பாயிற்று. "இத்தனை நாளா யாருமே எனக்குச் சொல்லலியே!" என்றார் சந்தானம். "சொல்றதுக்குப் பக்கத்துல ஒரு ரெஜினா வேணும் சார்," என்ற கோமளா, உள்வெளியாகத் திரும்பிக் கிடப்பவற்றுக்கு மட்டும் அந்தச் சிவப்புக் கரையைக் கட்டச் சொல்லிவிட்டுத்தான் 'சரி'யை அழுத்தினாள்.