நாக்கில்லாத மணிகள்

மாடும் புலியும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், மலைக்காட்டின் ஓரமாக மாட்டுப்பட்டி போட்டு வாழ்ந்தவள் வேலாத்தா. பட்டியில் நின்ற மாடெல்லாம் ஊராருடையவை. செவலைப் பசு ஒன்றுதான் அவளுக்கும் புருஷன் மாரப்பனுக்கும் சொந்தம். பிள்ளையில்லாத வீட்டில் அதுவே பிள்ளை.

செவலையின் முந்தின இரண்டு ஈத்துக் கன்றுகளையும் புலி கொண்டுபோய்விட்டது. இப்போது மறுபடியும் சினை. இந்தக் கன்றும் போனால் செவலை ஏங்கியே செத்துப்போகும் என்று வேலாத்தாவுக்குப் பயம். பயந்தவள் சும்மா இருந்தாளா? மாடு காட்டில் தவறிப்போனாலும் தேடிப் பிடிக்கலாமென்று, இருப்பதிலேயே பெரிய மணியாகப் பார்த்து அதன் கழுத்தில் கட்டினாள். புலிக்கும் காது உண்டு என்பதை மட்டும் மறந்துபோனாள்.

ஒரு நாள் சாயங்காலம் எல்லா மாடும் பட்டிக்குத் திரும்பின; செவலையைக் காணோம். மாரப்பன் உப்பு வாங்க அடிவாரத்துக்குப் போயிருந்தான். வேலாத்தா தனியாகவே காட்டுக்குள் ஓடினாள். நின்று நின்று காது கொடுத்துக் கேட்டாள். கடைசியில் கணீரென்று ஒரு சத்தம் வந்தது.

ஒரு பாறையடியில் செவலை படுத்துக் கிடந்தது. கன்றின் முன்னங்கால்கள் வெளியே தெரிந்தன. ஒவ்வொரு முக்கலுக்கும் மணி அடித்தது.

"ஆத்தா, மணியை அவுத்துரு. சத்தத்தைக் கேட்டுட்டுப் புலி வருது" என்றது செவலை.

"சினை மாட்டு மணியை அவுக்கக் கூடாது கண்ணு. அவுத்துக் கீழ வெச்சா கன்னுக்கு ஆகாதும்பாங்க" என்று சொல்லி, மணியின் நாக்கை இறுகப் பிடித்துக்கொண்டாள். காடு அமைதியானது.

தூரத்துப் புதருக்குள்ளிருந்து புலி பேசியது. "ஏன் நிறுத்திட்டீங்க? கடைசியாக் கேட்ட இடம் எனக்குத் தெரியாதாக்கும்?"

வேலாத்தா குனிந்தாள். "எந்திரிக்க முடியுமா சாமி?" என்று செவலையின் காதில் கேட்டாள்.

"முடியலை ஆத்தா. பாதி வந்திருச்சு."

மணியை அவிழ்த்தாள். கீழே வைக்கவில்லை; தன் கழுத்திலேயே கட்டிக்கொண்டாள்.

"கழுத்துலிருந்து கழுத்துக்குத்தானே போகுது? ஒண்ணும் ஆகாது. நீ சத்தம் போடாமப் பெத்துக்க" என்று செவலையைத் தடவிக் கொடுத்தாள். பிறகு மணி கணகணக்க மேட்டைப் பார்த்து ஓடினாள். மாடுதான் எழுந்து ஓடுகிறதென்று நினைத்து, புலியும் சத்தத்தின் பின்னாலேயே ஓடியது.

செவலை பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டபடி கிடந்தது. மணிச்சத்தம் மேடேறியது, பள்ளத்தில் இறங்கியது, தேய்ந்தது. பிறகு சட்டென்று நின்றுவிட்டது.

காலையில் மாரப்பன் வந்தபோது கன்று பால் குடித்துக்கொண்டிருந்தது. செவலை அழுதுகொண்டே நடந்ததையெல்லாம் சொன்னது. அவன் மலை மலையாகத் தேடினான். தூரத்து மரக்கிளை ஒன்றில் மணி மட்டும் தொங்கியது. அதற்கு நாக்கில்லை. ரத்தமில்லை, சேலைத் துணுக்குகூட இல்லை.

"புலி தின்னுருக்கும்" என்றார்கள் ஊரார்.

"இல்லீங்க. நாக்கைப் புடுங்கிட்டு எங்கயோ ஒளிஞ்சிருக்கா" என்றான் மாரப்பன்.

கன்று பிறந்த பாறையடியில் ஒரு கல்லை நட்டு, பக்கத்து மரத்தில் அந்த மணியைக் கட்டி விளக்கு வைத்தான். கன்று பிழைத்த சேதி கேட்டு ஊரே கும்பிட வந்தது. வந்தவர்களில் ஒருவர் புது மணி கொண்டுவந்து கட்டி, ஓங்கி அடித்தார். மாரப்பன் பாய்ந்து அதன் நாக்கைப் பிடித்தான்.

"அடிக்காதீங்க சாமி! சத்தம் கேட்டா அவ மறுபடி ஓட ஆரம்பிச்சுருவா. இப்பத்தான் எங்கயாவது உக்காந்திருப்பா."

அன்றிலிருந்துதான், வேலாத்தா கோயிலுக்கு மணி நேர்ந்துகொண்டவர்கள் நாக்கைக் கழற்றிவிட்டுக் கட்டுகிறார்கள். மரம் முழுக்க மணிகள் தொங்குகின்றன. எந்தக் காற்றுக்கும் ஒன்றுகூட ஒலிப்பதில்லை.