இளவரசர் குடித்த ஒரு கிண்ணம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். தம்பியைத் தவிர அவருக்கு வேறு உறவில்லை. இளவரசரான அந்தத் தம்பியும் ஈரல் வீங்கி, கண் மஞ்சளித்து இறந்துபோனார். துக்கத்தில் ராஜாவுக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. “கருமாதி முடிந்ததும் வைத்தியரைக் கழுவேற்றுங்கள்” என்றார்.

வைத்தியர் உலகநாதர் கைகூப்பினார். “நாளுக்கு ஒரு கிண்ணம் கள், அதற்கு மேல் ஆகாது என்றுதானே சொன்னேன், பிரபு?”

“ஒரு கிண்ணம்தானே குடித்தான்! என் பக்கத்தில் உட்கார்ந்துதான் குடித்தான். இரண்டாவது கிண்ணம் ஒருநாளும் கேட்டதில்லை.”

“நானும் சாட்சி” என்றார் அமைச்சர் காளிங்கராயர். இளவரசரின் தயவுக்காக அவருக்குக் கிண்ணம் செய்வித்து, தினமும் நிரப்பிக் கொடுத்தவர் அவர்தான்.

விகடகவி மருதப்பன் எழுந்தான். “வைத்தியர் மேல் குற்றமில்லை, மகாராஜா.”

“நிரூபியேன்” என்று சிரித்தார் காளிங்கராயர். “முடியாவிட்டால் நீயும் கழுவேறு. போகிற வழியில் வைத்தியருக்குச் சிரிப்புக் காட்ட ஆள் வேண்டாமா?”

ராஜா அதற்கும் தலையாட்டிவிட்டார்.

கருமாதியன்று ஏழைகளுக்கு ஆளுக்கு ஒரு கிண்ணம் பாயசம் என்று உத்தரவு. “இளவரசர் பெயரால் கொடுப்பது. அவர் கிண்ணத்தாலேயே நான் ஊற்றட்டுமா?” என்று கேட்டான் மருதப்பன். ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு சம்மதித்தார்.

பந்தி தொடங்கிய சற்று நேரத்தில் அண்டாவின் அடி தெரிந்தது. சமையல் பொறுப்பில் இருந்த காளிங்கராயர் ஓடிவந்தார்.

“அடப்பாவி! பாதிப்பேர்கூட வாங்கவில்லை, அதற்குள் காலியா?”

“ஆளுக்கு ஒரு கிண்ணம்தான் ஐயா. யாருக்கும் இரண்டாவது ஊற்றவில்லை.”

“இது கிண்ணமாடா? குடம்! சாதாரணக் கிண்ணத்தால் ஆறு கிண்ணம் பிடிக்குமே இது!”

சொன்ன பிறகுதான் பின்னால் ராஜா நிற்பதைப் பார்த்தார்.

“ஆறா?” என்றார் ராஜா. “அதில் கள்தானே ஊற்றினீர்?”

காளிங்கராயர் தலை குனிந்தார். “சாராயம், பிரபு. இளவரசர்தான் விரும்பினார்.”

விலங்கோடு ஓரமாக நின்ற வைத்தியர் மெல்லச் சொன்னார்: “சாராயமென்றால் கால் கிண்ணமே ஒரு கிண்ணம் கள்ளுக்குச் சமம், மகாராஜா. அவர் தினமும் இருபத்துநாலு கிண்ணம் குடித்திருக்கிறார்.”

ராஜா வைத்தியரின் விலங்கைக் கழற்றச் சொன்னார். அதைக் காளிங்கராயருக்குப் பூட்டச் சொன்னார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வெகுநேரம் சிரித்தார். கூட யாரும் சிரிக்கவில்லை. தம் பட்டுச் சால்வையை எடுத்து மருதப்பனுக்குப் போர்த்தினார்.

“பாயசத்தை வைத்து அமைச்சர் வாயைத் திறக்க வைத்தாயே! என் தம்பி இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.”

“சிரித்திருப்பார், பிரபு” என்றான் மருதப்பன். அதற்கு மேல் அவனுக்கு வேடிக்கையாக எதுவும் சொல்ல வரவில்லை.