தலைவரின் கொம்பும் முயலின் வளையும்

கரையோரம் நின்று குளத்தை எட்டிப் பார்த்தாள் பூவாத்தா என்ற சருகுமான். முயலைவிட ஒரு பிடி பெரியவள், அவ்வளவுதான். கால் நாலும் சுள்ளி மாதிரி இருக்கும். அதிலும் இப்போது நிறைமாதம் வேறு!

கோடையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. கரையோ செங்குத்து. யானை ஒரே எட்டில் இறங்கிவிடும். காட்டெருமை தடாலென்று குதித்துவிடும். பூவாத்தா குதித்தால் வயிற்றுப் பிள்ளை என்னாவது? மூன்று நாளாக அத்திப்பழத்தைச் சப்பித்தான் நாக்கை நனைத்துக்கொண்டிருந்தாள். இனி அதுவும் மரத்தில் இல்லை.

அந்தக் காட்டில் ராஜா கிடையாது. ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். இப்போதைய தலைவர் மலையப்பன் என்ற காட்டெருமை. கெட்டவர் இல்லை, பாவம். ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். 'இந்தக் குளம் எல்லாருக்கும் சமம். யாருக்கும் தடை இல்லை' என்று ஒரு மரப்பட்டையில் எழுதிக் குளக்கரையில் தொங்கவிட்டிருந்தார். அவருடைய செயலாளர் கீரி தினமும் காலையில் அதை உரக்கப் படிக்கும். தலைவர் கண்ணை மூடிக் கேட்டு ரசிப்பார்.

பூவாத்தா மூச்சிரைக்க அவரிடம் போய் நின்றாள். "ஏனுங்க தலைவரே, என்னால குளத்துல இறங்க முடியலீங்க!"

"எவன் தடுத்தான்? சொல்லு, முட்டித் தூக்கிடறேன்!"

"யாரும் தடுக்கலீங்க. கரைதான் தடுக்குது."

தலைவர் கீரியைப் பார்த்தார். கீரி தொண்டையைக் கனைத்தது. "கரை நம்ம காட்டுக் குடிமகன் இல்லீங்க தலைவரே. அது மேல நடவடிக்கை எடுக்க வழியில்லீங்க!"

"ஒரு ஓரமா சரிவு வெட்டிக் குடுத்தாப் போதுமுங்க" என்றாள் பூவாத்தா.

"உனக்குன்னு தனி வழியா!" தலைவர் பதறிப்போனார். "எனக்கும் அதே கரைதான், உனக்கும் அதே கரைதான். உனக்கு மட்டும் செஞ்சா அது பாரபட்சம். நாளைக்கு ஆமை கேக்கும், எலி கேக்கும்!"

"கேக்கட்டுமுங்க. அவங்களுக்கும் தாகம்தானே?"

"தைரியமாக் குதி தாயி! முயற்சி வேணும். நானெல்லாம் குதிச்சுத்தான் பழகினேன்!"

பூவாத்தாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுதால் இருக்கிற ஈரமும் போய்விடுமே என்று அதையும் அடக்கிக்கொண்டாள். நேரே தன் சிநேகிதி செவத்தா என்ற முயலிடம் போனாள்.

மறுநாள் ஓட்டு. ஆளுக்கொரு புங்கங்காயை வாயில் கவ்விவந்து, தான் விரும்பும் தலைவரின் பெயர் சொல்லிப் போட வேண்டும். தலைவர் பதவிக்கு நிற்பவர் முதல் காயைத் தானே போட வேண்டும். உச்சிப்பொழுதுக்குள் போடாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். காய் போடும் இடத்தை வருஷத்துக்கு ஒரு கூட்டம் குறிக்கும். போன வருஷம் யானைகள் ஒரு மருதமரத்தடியைக் குறித்தன. இந்த வருஷம் முயல்களின் முறை.

காலையில் தலைவர் காயைக் கவ்விக்கொண்டு கம்பீரமாக வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். முயல்கள் குறித்திருந்த இடம், ரெண்டு பாறைக்கு நடுவே ஒரு முயல் வளை. அதன் வாசலில் ஒரு மரப்பட்டை: 'இந்த வளை எல்லாருக்கும் சமம். யாருக்கும் தடை இல்லை.'

"அட, நல்லா எழுதியிருக்கே!" என்று கீரி பாராட்டித் தொலைத்தது.

தலைவர் காயைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே இடம் பார்க்க மண்டிபோட்டார். முகம் நுழைந்தது. கொம்பு நுழையவில்லை. கோணலாகத் திருப்பி ஒரு முட்டு முட்டினார். அவ்வளவுதான், கொம்பு பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது! முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. வெளியே வால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. காடே விழுந்து விழுந்து சிரித்தது.

"ஐயோ, வாசலைக் கொஞ்சம் வெட்டி விடுங்க!" என்று வளைக்குள்ளிருந்து தலைவரின் குரல் வந்தது.

"உங்களுக்குன்னு தனி வாசலா!" என்றாள் செவத்தா. "எனக்கும் அதே வளைதான், உங்களுக்கும் அதே வளைதான். வெட்டினா பாரபட்சம் ஆயிடாதுங்களா?"

"முயற்சி வேணும் தலைவரே!" என்றாள் பூவாத்தா.

வெயில் ஏறியது. தலைவரின் வாயெல்லாம் புழுதி. தொண்டை வறண்டு நாக்கு ஒட்டிக்கொண்டது. "தண்ணி... யாராச்சும் ஒரு வாய் தண்ணி குடுங்க!"

"தண்ணி குளத்துல இருக்குதுங்க" என்றாள் பூவாத்தா. "எல்லாருக்கும் சமம். போய்க் குடிச்சுக்குங்க."

சிரிப்பு நின்றது. வாலும் ஆடாமல் நின்றது. வளைக்குள்ளிருந்து, "தப்புப் பண்ணிட்டேன் தாயி" என்று சின்னக் குரல் வந்தது.

பூவாத்தாவுக்கு மனசு கேட்கவில்லை. தாகம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். "தோண்டி விடு செவத்தா" என்றாள். முயல்கள் மளமளவென்று மண்ணைப் பறித்தன. கொம்பு விடுபட்டது.

வெளியே வந்த தலைவர் காயைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் குளத்தை நோக்கி ஓடினார். கொம்பால் கரையைக் குத்திக் கிளறினார். கீரி பின்னாலேயே ஓடிவந்தது. "தலைவரே, உச்சிப்பொழுது ஆயிடும்! பேரை அடிச்சிருவாங்க!"

"அடிச்சாலும் அடிக்கட்டும்! அந்தப் பிள்ளைத்தாச்சி முதல்ல தண்ணி குடிக்கட்டும்!"

சரிவு தண்ணீர்வரை இறங்கியது. நடுவில் ஒரு இடம் மட்டும் வழுக்கியது. தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். தொங்கிய தன் மரப்பட்டையைப் பிடுங்கி, வழுக்கும் இடத்தில் மிதிபலகையாகப் போட்டார்.

பூவாத்தா அதன்மேல் கால் வைத்து மெல்ல இறங்கினாள். குடித்தாள், குடித்தாள், வயிற்றில் பிள்ளை துள்ளும்வரை குடித்தாள். ஆமையும் எலியும் பின்னாலேயே இறங்கி வந்தன.

தலைவர் திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. "என் பேரை அடிச்சாச்சா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எல்லாருமாச் சேந்து ஓட்டைத் தள்ளி வெச்சுட்டோம், இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்க" என்றாள் செவத்தா, மண்ணைத் தள்ளிக்கொண்டே. "உங்க கொம்புக்கு வாசல் வெட்டிட்டிருக்கோம். வேலை முடியட்டும், இருங்க!"

எல்லாருக்கும் சமம் என்று எழுதி வைக்கிற அரசு, இயலாதவரின் காலும் எட்டும்படி வழி வெட்டித் தந்தால்தான் அந்த எழுத்து உண்மையாகும்.