கஷாயம் குடித்த தங்க யானை

மாங்கோட்டை மன்னர் சொக்கபூபதிக்குத் தலை சிறியது, ஆசை பெரியது. தலைப்பாகை உச்சியில் ஒரு கட்டித் தங்க யானையை வைத்துக்கொண்டு ஆறு மாதம் கழுத்து வலியோடு ஆண்டார். பாவம், குடிமக்களைவிட அவர்தான் அதிகம் கஷ்டப்பட்டார்.

அந்த யானையைச் செய்தவன் பிரதானி உத்தண்டப்பரின் மைத்துனன். அதனால் யாரும் குறை சொல்லவில்லை. கடைசியில் மன்னரே வாய் திறந்தார்: "அதே அளவு யானை வேண்டும். சொக்கத் தங்கம். உள்ளே வெற்றுக்கூடு இருக்கக் கூடாது. எடை மட்டும் ஆறில் ஒரு பங்கு!"

மைத்துனன் அன்றே ஊரைவிட்டு நழுவினான். பொற்கொல்லர் மாசிலாமணிப் பத்தர் மட்டும் சம்மதித்தார். பத்தே நாளில் வெல்லக்கட்டி நிறத்தில் ஒரு யானையைச் சபையில் வைத்தார். தூக்கிப் பார்த்த மன்னருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அவ்வளவு லேசு!

உத்தண்டப்பருக்கு வயிறு எரிந்தது. "இது மரம், மன்னா!" என்றார். உரைகல்லில் தேய்த்தார்கள், தங்கக் கோடு பளபளத்தது. "அப்படியானால் உள்ளே கூடு!" என்றார். நடுவில் துளைத்தார்கள், உள்ளேயும் தங்கம்தான்.

"அப்படியானால் எடை எங்கே போச்சு?" என்று பிரதானி சீறினார்.

பத்தர் கைகட்டிச் சொன்னார்: "ஒரு பங்கு தங்கத்தோட மூணு பங்கு வெள்ளியைச் சேர்த்து உருக்கி யானை வார்த்தேன், மகாராஜா. அப்புறம் திராவகத்துல போட்டேன். அது வெள்ளியை மட்டும் தின்னுட்டு, தங்கத்தை விட்டுடுச்சு. வெள்ளி போன வழியெல்லாம் ஓட்டை. கண்ணுக்குத் தெரியாது."

"கண்ணுக்குத் தெரியாத ஓட்டையா? என் கண்ணுக்குத் தெரியாதது எதுவும் இல்லை! இது சூனியம். இவன் கட்டைவிரலை வெட்ட வேண்டும், மன்னா!" என்று குதித்தார் உத்தண்டப்பர்.

கடைசியாகப் பேசியவர் பக்கம் தலையாட்டுவது மன்னரின் ராஜநீதி. ஆட்டினார். பத்தர் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டார். கட்டைவிரல் போனால் பத்தருக்கு வாழ்க்கை ஏது?

அப்போது சபையின் விகடகவி தாண்டவன் எழுந்தான். "பிரதானியார் சொன்னால் சரிதான். ஓட்டை இல்லாத யானை ஒரு சொட்டுக்கூடக் குடிக்காது, இல்லையா?"

"குடிக்கவே குடிக்காது! அது குடிப்பதைப்போல் பத்து மடங்கு நான் குடிக்கிறேன்!"

"எதை ஊற்றினாலும்?"

"எதை ஊற்றினாலும்!"

தாண்டவன் அரண்மனை வைத்தியரைப் பார்த்தான். "ஐயா, மன்னருக்கு நேற்றுக் காய்ச்சிய பேதிக் கஷாயம் மிச்சம் இருக்கிறதா?"

கஷாயம் வந்தது. யானையைத் தாம்பாளத்தில் நிறுத்தி, வைத்தியர் மருந்து புகட்டும் கிண்ணியால் ஒரு பாலாடை கஷாயத்தை முதுகில் சொட்டுச் சொட்டாக விட்டார். யானை அத்தனையையும் உறிஞ்சிக்கொண்டது. தாம்பாளம் உலர்ந்தே கிடந்தது.

"ஓட்டை இல்லையென்றால் கஷாயம் எங்கே போச்சு, பிரதானியாரே? சரி, உங்களுக்குப் பத்துப் பாலாடை!"

மன்னர் இந்தப் பக்கமும் தலையாட்டினார். பிரதானி மூக்கைப் பிடித்துக்கொண்டு பத்தையும் விழுங்கினார். சிறிது நேரம் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். பிறகு நெளிந்தார். வியர்த்தார். திடீரென்று வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கிப் பாய்ந்தார்.

"எங்கே ஓடுகிறீர், பிரதானியாரே?" என்று தாண்டவன் கத்தினான். "உங்கள் வயிற்றுக்குள் என் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லையே!"

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். பழைய கனத்த யானையைப் பத்தருக்கே பரிசாகக் கொடுத்தார். புதியதைத் தலையில் சூடிக்கொண்டார். அதன்பிறகு மன்னர் எந்த வீதியில் பவனி வந்தாலும் கஷாய வாசனை முன்னால் வந்தது. குடிமக்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வாழ்க!" என்றார்கள்.