எருமைக் கதைக்கு ஐநூறு இரங்கல்

எல்லா ஊரிலும்தான் முட்டாள்கள் இருக்கிறார்கள். ஆனால் கொக்கரைப்பட்டியில் மட்டும்தான் அவர்கள் சங்கம் வைத்து, ரப்பர் ஸ்டாம்பு செய்து, ஆண்டுவிழாவும் நடத்துகிறார்கள். சங்கத்தின் பெயர் முத்தமிழ் வளர்ச்சிப் பேரவை. தலைவர் புலவர் திருமலைக்கொழுந்து. யாராவது புகழ்ந்தால் கண்ணை மூடிக்கொள்வார். புகழ ஆளில்லாத நேரத்தில் தானே புகழ்ந்துகொண்டு மூடிக்கொள்வார். செயலாளர் ஐயம்பெருமாள், பொருளாளர் பூதத்தான். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருந்தால் எனக்குச் சொல்வதற்கு இந்தக் கதையே கிடைத்திருக்காது.

பேரவைக்கு ஓர் இணையதளம் உண்டு. உறுப்பினர்களின் கதைகளை அதில் போடுவார்கள். எழுதியவரைத் தவிர வேறு யாரும் படித்ததாகத் தகவல் இல்லை. தளத்தின் கடவுச்சொல்லை மூன்று துண்டாக்கி ஆளுக்கொரு துண்டு மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். ஒருவர் மேல் ஒருவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அந்தத் தளத்தில் மனுஷன் படிக்கிற மாதிரி இருந்தது ஒரே ஒரு கதை. பால் சொசைட்டியில் பால் அளக்கிற அங்கயற்கண்ணி எழுதியது. கஷ்டத்தில் விற்றுவிட்ட எருமையை நினைத்து ஒரு குடும்பம் அழுகிற கதை. தலைப்பு, ‘எங்களை விட்டுப் போனாயே’. சென்னைப் பதிப்பாளர் ஒருவர் அவளிடம், “ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள்ள இதை ஐநூறு பேர் பகிர்ந்துட்டாங்கன்னா, உங்க கதை எல்லாத்தையும் புத்தகமாப் போட்டுடறேன்” என்று சொல்லிவிட்டார்.

அவள் வெள்ளிக்கிழமை காலையில் பேரவைக்கு விழுந்தடித்து ஓடிவந்தாள்.

“அண்ணாச்சி, நம்ம தளத்துல பகிர்றதுக்கு ஒரு பட்டன்கூட இல்லையே! இன்னைக்கே வச்சுக் குடுங்க. இந்தப் புஸ்தகம் மட்டும் வரலைன்னா நான் இனிமே பேனாவையே தொடமாட்டேன்.” சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நீ போயிப் பாலை அளம்மா. தமிழை நாங்க அளந்துக்கிடுதோம்” என்றார் தலைவர்.

இப்படிப் பேசுகிறவர்களிடம் காரியத்தை ஒப்படைத்துவிட்டுப் போனாளே, அவளைச் சொல்ல வேண்டும்.

தளத்தை உருவாக்கிக் கொடுத்த அருள்தாசன் திருநெல்வேலியில் இருக்கிறான். நல்ல பையன், பாவம். போனில் பொறுமையாகச் சொன்னான்: “பட்டனை நான் இங்க இருந்தே வச்சுட்டேன் சார். எத்தனை பேர் பகிர்ந்தாங்கன்னு பக்கத்துலயே நம்பர் ஓடும். பகிரும்போது கூடவே போறதுக்கு ஒரு படம் மட்டும் நீங்க ஏத்தணும். முகம் பெருசாத் தெரியணும். முகத்தைப் பார்த்தாத்தான் ஜனங்க தொடுவாங்க.”

பேரவை உடனே அவசரக் கூட்டமாகக் கூடியது.

“முகம்னா யாரு முகம்வே?” என்று கேட்டார் செயலாளர்.

“எருமைக் கதைதான? எருமை முகத்தைப் போட்டுருவோம்” என்றார் பொருளாளர். வாழ்க்கையில் அவர் சொன்ன ஒரே புத்திசாலித்தனமான வார்த்தை அது.

“எருமை நம்ம பேரவையில உறுப்பினரா?” என்றார் செயலாளர்.

பொருளாளர் சந்தா நோட்டைப் புரட்டிப் பார்த்தார். “இல்ல. சந்தா கட்டல.”

“உறுப்பினர் அல்லாதோர் படத்தை வெளியிடக் கூடாதுன்னு போன வருசம்தான தீர்மானம் போட்டோம்?”

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்கு அர்த்தம் மற்ற இருவருக்கும் தெரியும். ஆண்டுவிழாவில் அவருக்கு ஆளுயர ரோஜா மாலை போட்டு, பக்கத்தில் குத்துவிளக்கு எரிய, செயலாளர் அவரை வானளாவப் புகழ்ந்துகொண்டிருந்த நேரத்தில் எடுத்த படம் ஒன்று இருந்தது. கண் இரண்டும் கெட்டியாக மூடியிருந்தது. அதையே ஏற்றினார்கள்.

“படம் ரொம்ப கனமா இருக்கு சார், கொஞ்சம் குறைங்க” என்றான் அருள்தாசன்.

“சாயம் போன துணி லேசாத்தான இருக்கும்? கலரை எடுத்துருவோம்” என்றார் பொருளாளர். எடுத்தார்கள். தலைவர் கறுப்பு வெள்ளை ஆனார்.

“மேல கதைத் தலைப்பு பெருசா வரணும்.” வந்தது: எங்களை விட்டுப் போனாயே.

“யாரு போடுறாங்கன்னு கீழ தெரியணும்.” அதுவும் வந்தது: இங்ஙனம், முத்தமிழ் வளர்ச்சிப் பேரவையினர்.

மூவரும் படத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தார்கள். “எங்கயோ பார்த்த மாதிரி லட்சணமா இருக்கு” என்றார் செயலாளர். ஊரில் சுவருக்குச் சுவர் அதுதானே ஒட்டியிருக்கிறது, பார்க்காமல் இருப்பாரா?

“படம் ஏற நேரமாகும் சார். அதுவரைக்கும் யாரும் கை வைக்காதீங்க” என்று சொல்லிவிட்டு அருள்தாசன் போனை வைத்தான். மூவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். படம் ஏறிவிட்டது. ஆனால் கையை எப்போது எடுக்கலாம் என்று அவன் சொல்லவில்லையே! டீக்கடை முத்தையா வந்து, ஆளுக்கு ஒரு வாய் டீ புகட்டி, அருள்தாசனுக்கு போன் போட்டு அனுமதி வாங்கிக் கொடுக்கிற வரைக்கும் கட்டிய கை கட்டியபடியே நின்றார்கள்.

“முதல்ல ஏதாவது ஒரு குடும்ப குரூப்புல போட்டுச் சோதிச்சுப் பாருங்க” என்றான் அருள்தாசன். தலைவரின் சொந்தக்காரர்கள் இருக்கிற குரூப்பில் போட்டார்கள். தமிழ்ப்பணி செய்த களைப்பில் அவரவர் வீட்டுக்குத் தூங்கப் போனார்கள்.

சனிக்கிழமை விடிந்தது. தலைவர் பல் துலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தால், தெரு கொள்ளாத கூட்டம். சாமியானா போடுகிறவன் மூங்கிலோடு நிற்கிறான். சாவுக்குக் கேதம் கேட்க வந்தவர்களைத் தலைவர் உபசாரமாக உட்காரவைத்து, எல்லோருக்கும் காப்பி கொடுக்கச் சொன்னார்.

“எப்பிடி ஆச்சு?” என்று அவரிடமே கேட்டார் ஒரு பெரியவர்.

“எனக்கே ஒண்ணும் தெரியலையே. யாரு இறந்தது?”

“நீங்கதான்!”

தலைவர் திகைத்துப்போனார். “அடப்பாவமே! எங்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே” என்றார்.

கோவில்பட்டியிலிருந்து அவர் தங்கச்சி பிச்சம்மாள் மாரில் அடித்துக்கொண்டு வந்து இறங்கினாள். பகிர்ந்தவர்களில் கதையைத் திறந்து படித்த ஒரே ஜீவன் அவள்தான். “எங்க அண்ணனைப் பத்தி எவ்வளவு உருக்கமா எழுதியிருக்கீங்க! ‘குளத்துல இறங்குனா ஏறமாட்டே, தவிட்டைக் கண்டா தலையை ஆட்டுவே’ன்னு படிக்கையில அப்பிடியே எங்கண்ணன் கண்ணு முன்னால நின்னுது. கொம்புன்னு போட்டதுதான் கொஞ்சம் மிகை. மத்ததெல்லாம் சரி” என்றாள். பிறகு காப்பி கொண்டுவந்தது அண்ணன் என்று கண்டு மயங்கி விழுந்தாள்.

பால் சொசைட்டியில் அழுதுகொண்டே பால் ஊற்றியவர்கள் சொல்லித்தான் அங்கயற்கண்ணிக்குச் சங்கதி தெரியும். கேனைப் போட்டது போட்டபடி பேரவைக்கு ஓடினாள்.

“நீங்கள்லாம் நல்லா இருப்பீங்களா? எருமைக் கதைக்கு யாராவது இப்பிடிப் படம் போடுவாங்களா? அவரு உயிரோட இருக்காருன்னு உடனே ஒரு வரி போடுங்க!”

“போடலாம் தாயி. நம்பரைப் பார்த்தியா?” என்றார் செயலாளர்.

பார்த்தாள். நானூற்று முப்பது.

“உயிரோட இருக்காருன்னு போட்டா எல்லாரும் ஏமாந்துட்டோமேன்னு பகிர்ந்ததைத் திரும்ப எடுத்துருவாங்க. பொறவு ஒன் புஸ்தகம்?”

அங்கயற்கண்ணிக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் எத்தனையோ நாள் பால் பாத்திரம் கழுவிய கையோடு உட்கார்ந்து எழுதிய கதைகள். ஆசை யாரை விட்டது? உட்கார்ந்து நம்பரையே பார்க்க ஆரம்பித்தாள்.

தலைவர் எழுந்து துண்டைச் சரிசெய்துகொண்டார். “தமிழுக்காக உயிரைக் கொடுப்பேன்னு மேடைக்கு மேடை முழங்குனவன் நான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரைக்கும் செத்தே இருக்கேன்.”

பொருளாளர் வழிமொழிந்தார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வீட்டுக் கூட்டத்திடம், “வெளியில யாரும் மூச்சு விடக்கூடாது” என்று கேட்டுக்கொண்டார்கள். ஓசிக் காப்பி குடித்த வாய்கள், ஒப்புக்கொண்டன.

ஞாயிறு சாயங்காலம். நம்பர் நானூற்றுத் தொண்ணூற்றொன்பதில் வந்து, சண்டி மாடு மாதிரி படுத்துக்கொண்டது. ஊரில் போன் வைத்திருக்கிற அத்தனை பேரும் பகிர்ந்தாயிற்று. சொந்தபந்தம் முடிந்தது. முத்தையாவும் பகிர்ந்துவிட்டான். அங்கயற்கண்ணி கையைப் பிசைந்துகொண்டு, “ஒண்ணு... ஒரே ஒண்ணு...” என்று அழ ஆரம்பித்தாள்.

“பகிராத ஆளு இன்னும் ஒருத்தரு இருக்காரு” என்றார் பொருளாளர்.

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள்.

“செத்தவரு பகிரலாமா வே?” என்றார் செயலாளர்.

“விதியில தடை இல்ல.”

“தன் சாவுக்குத் தானே இரங்கல் சொல்லுதது தற்பெருமை ஆகாதா?” என்று இழுத்தார் தலைவர்.

“சொல்லாம இருந்தாத்தான் மரியாதை இல்ல. ஊரே சொல்லிருச்சு, தலைவருக்கு மட்டும் தலைவரு மேல வருத்தம் இல்லையான்னு நாலு பேரு கேப்பான்.”

தலைவர் உடனே போனை எடுத்தார். வெறும் கையோடு பகிரக் கூடாது என்று மேலே இரண்டு வரியும் எழுதினார்: ‘ஈடு செய்ய முடியாத இழப்பு. அன்னாரை நான் சிறு வயது முதலே நெருக்கமாக அறிவேன்.’ அழுத்தினார். ஐநூறு!

சற்று நேரத்தில் சென்னையிலிருந்து பதிப்பாளர் கூப்பிட்டார். “சொன்ன சொல் மாறமாட்டேன்மா. புத்தகம் உறுதி.”

“கதையைப் படிச்சீங்களா சார்?” என்று அங்கயற்கண்ணி சந்தோஷத்தில் கேட்டாள்.

“ஐநூறு பேர் அழுதிருக்காங்க. அதுக்கு மேல நான் எதுக்குப் படிக்கணும்?” என்றார் அவர். கொக்கரைப்பட்டிக்குச் சென்னையிலும் ஒரு கிளை இருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. விளங்கினாலும் சிரித்துக்கொண்டே அழுதாள். புத்தகம் புத்தகம்தானே!

இனி உயிரோடு வரலாம் என்று தலைவரிடம் சொல்ல அவள் திரும்பினாள். அவரோ போனைப் பார்த்துத் தேம்பிக்கொண்டிருந்தார். அவர் போட்ட இரங்கலுக்கு அடியில், வெளியூர் மச்சினன் சிதம்பரவேல் எழுதியிருந்தார்: ‘மாமா, நீங்களே இப்பிடி உடைஞ்சு போனா எப்பிடி? மனசைத் தேத்திக்கிடுங்க.’

தலைவர் மூக்கைச் சிந்திவிட்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தடவிப் பதில் போட்டார்: ‘எப்படித் தேத்துவேன் மாப்பிள்ளை? நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தாரு!’