தொண்ணூற்றொரு ஆவர்த்தனம்

எங்கள் கண்டக்டர் ஹெப்சிபா மேடத்திடம் பாடம் கேட்க வந்தவர்களில் ரங்கபாஷ்யம் சார்தான் வயதில் மூத்தவர். அறுபத்தெட்டு. மேடம் அவரைவிட இருபத்தாறு வயது இளையவர். கண்டக்டர் என்றதும் டிக்கெட் கிழிக்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். கையில் குச்சியை வைத்துக்கொண்டு எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துகிறவர்.

ஒரு சனிக்கிழமை மதியம், வேப்பேரிப் பள்ளிக்கூட ஹாலில் ஒத்திகைக்கு முன்னால் வந்து நின்றார். வரதனின் அப்பா என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதே நெற்றி. வரதன் எங்கள் டிம்பனிக்காரன். அண்டா அண்டாவாக நாலு மேளம், நடுவில் அவன். போன ஆகஸ்டில் மூளைக்காய்ச்சல் வந்து ஐந்தே நாளில் போய்விட்டான். இருபத்தொன்பது வயது. இப்போதும் அந்த மேளங்கள் பக்கம் நான் பார்ப்பதில்லை.

"வரதன் இருந்தப்போ மார்ச்சில ஒரு போலந்து சிம்பொனி வாசிச்சேளே," என்றார் சார். "அதை ரசிக்கக் கத்துக்கணும். சொல்லித் தருவேளா?"

"எதுக்கு சார்?"

"வரதனுக்கு அது உசிரு. எனக்கு ஒரு எழவும் புரியலை. அவன் அதுல என்னத்தைக் கேட்டான்னு எனக்குத் தெரியணும். அவன் வாசிச்சதை யாரும் பதிவுகூடப் பண்ணலையாமே."

"இல்ல சார். பண்ணலை."

மேடம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

உள்ளதைச் சொன்னால் அந்த சிம்பொனி எங்களில் பாதிப் பேருக்கே பிடிக்காது. யாரோ ஒரு போலந்துக்காரர் இருபத்தாறு வயதில் எழுதியது. பாட்டு என்று ஒன்று கிடையாது. வயலின்கள் எல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கத்தும். பிறகு மேளம் மட்டும் தனியாக நாலு நிமிஷம் வெளுத்துக் கட்டும். அப்புறம் வயலின், நான் வாசிக்கிற செல்லோ என்று தந்தி வாத்தியக்காரர்கள் நாங்கள் மட்டும் அடங்கின குரலில் இழுத்துக்கொண்டே போவோம். கடைசியில் ஒரே ஒரு மேள அடி, மெதுவாக. அவ்வளவுதான் சிம்பொனி. சாருக்கோ நாற்பது வருஷ சபாக் கச்சேரிப் பழக்கம்!

மேடம் அதே சிம்பொனியின் வெளிநாட்டு இசைத்தட்டு ஒன்றைப் போட்டார். சாரின் கை தானாகத் தொடையில் தாளம் போட்டது, பிடி கிடைக்காமல் நின்றது.

"இதுக்கு சுருதி எங்கே?"

"தேடாதீங்க."

"எல்லாம் அபஸ்வரமா இருக்கே, டீச்சர்."

"ஆமா. இதை எழுதின பையன் சின்னப் பிள்ளையா இருந்தப்போ அவன் ஊர்ல சண்டை. நல்ல சத்தம் எதையும் அவன் கேட்டிருக்க மாட்டான்."

சார் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அடுத்த சனிக்கிழமையும் வந்தார். ஆனால் இரண்டு வாரமும் ஒரு வேடிக்கையைக் கவனித்தேன். இசைத்தட்டில் மேளம் ஆரம்பித்ததும் சார் எழுந்து நின்றுவிடுவார். எழுந்தது அவருக்கே தெரியாது. மேடம் பார்த்தால் உட்காருவார்.

மூன்றாவது வாரம் என் வாய் சும்மா இருக்கவில்லை. "உட்காருங்க சார்," என்றேன். "இன்னைக்குக் கேன்டீன் மூடியிருக்கு!"

அவர் முகம் சுருங்கிப்போயிற்று. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீங்களும் பார்த்துட்டேளா?" என்றார். "மார்ச்சில கச்சேரியன்னிக்கும் இப்படித்தான் எழுந்தேன். சபாவில தனி ஆவர்த்தனம்னா எழுந்து காபிக்குப் போறதுதானே? மிருதங்கம் ஆரம்பிச்சா கால் தானா நடக்கும். இவன் மேளத்தைத் தொட்டான், நான் எழுந்து போயிட்டேன். வாசிக்கறது எம்பிள்ளைன்னு தோணவே இல்லை."

மேடம் இசைத்தட்டை நிறுத்தினார்.

"கேன்டீன்ல கூட்டம். திரும்பி வந்தா எல்லாரும் கை தட்டிண்டிருந்தா. நானும் தட்டினேன். ஆத்துக்கு வந்து, 'எப்படிப்பா இருந்தது'ன்னான். 'பேஷா இருந்தது'ன்னேன்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. எதற்கு எனக்கு இந்த வாய்?

"அவனுக்குத் தெரியுமா, டீச்சர்? நான் எழுந்து போனது?"

மேடம் இசைத்தட்டை எடுத்து உறையில் போட்டார். "அடுத்த வாரம் ஒத்திகையில எங்களோட உட்காருங்க சார்," என்றார்.

அடுத்த வாரம் வரதனின் மேளங்கள்மேல் கிடந்த துணியை மேடமே எடுத்தார். சாரை அவனுடைய முக்காலியில் உட்காரவைத்து, நுனியில் கம்பளி சுற்றிய குச்சி ஒன்றைக் கையில் கொடுத்தார்.

"மேளப் பகுதி முடிஞ்ச இடத்திலேர்ந்து ஆரம்பிக்கிறோம். இங்கேர்ந்து தொண்ணூத்தொரு பார் வரதனுக்கு வேலை இல்லை. சும்மா உட்கார்ந்து எண்ணணும். அதுக்கப்புறம் நான் கை காட்டுவேன். ஒரே அடி."

"பார்னா ஆவர்த்தனம்தானே?"

"அப்படியே வெச்சுக்கோங்க."

வாசிக்க ஆரம்பித்தோம். சார் விரல் விட்டு எண்ணினார். முப்பது வரைக்கும் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தலையைத் தூக்கினார். அந்த முக்காலியில் உட்கார்ந்தால் எதிரே ஹால் வாசல் நேராகத் தெரியும். கச்சேரி நடந்ததும் இதே ஹாலில்தான். அறுபதைத் தாண்டும்போது அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. விரல் மட்டும் நிற்கவில்லை.

கடைசி ஸ்வரத்தை செல்லோக்காரர்கள் நாங்கள் அந்த அடி விழும்வரை பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கச்சேரியன்று எனக்கு வில் நுனிக்கே வந்துவிட்டது, அடி விழவில்லை. மேடையை விட்டு இறங்கியதும் வரதனை வாய்க்கு வந்தபடி ஏசினேன். தூங்கிட்டியாடா என்று கேட்டேன். சிரித்தான்.

சார் தாமதிக்கவில்லை. மேடம் கை இறங்கியதும் அடித்தார். கச்சிதமாக விழுந்தது. மேளத்தின் அதிர்வு அடங்கும்வரை அதன் தோலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வரதனும் இப்படித்தானே அடிச்சான், டீச்சர்? சரியா அடிச்சானோல்லியோ?"

மேடம் குச்சியைக் கீழே வைத்தார்.

"இல்ல சார். நான் கை காட்டி நாலு எண்ணிக்கை கழிச்சுத்தான் அடிச்சான். உள்ளே போய்க் கோபமா ஏன்டான்னு கேட்டேன். 'அப்பா காபிக்குப் போயிருக்கார் மேடம், வந்துடுவார்னு பார்த்தேன்'னான்."